கொம்பெழுத்துக் குழந்தைகள்

1998-ஆம் வருஷக் கோடை. மயிலாப்பூரில் பெயர் பெற்ற ஒரு பள்ளிக்கூடத்தின் ஹாலில் நானும் என் கணவரும் எங்கள் மகளோடு காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். எல்.கே.ஜி. அட்மிஷன். அந்தப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலை இல்லை. எங்கள் வீடு மந்தைவெளியில், நடந்தே போய்விடலாம். நானும் ஆழ்வார்பேட்டையில் இருந்த என் ஆபீசுக்கு நிம்மதியாகக் கிளம்பலாம். கிடைக்காவிட்டால் தொலைவில் எங்காவதுதான் சேர்க்க வேண்டும். கொண்டுபோய் விடவும் கூட்டிவரவும் வீட்டில் வேறு ஆள் கிடையாது. வேலையை விட்டுவிடு என்று சொல்லச் சொந்தக்காரர்கள் தயாராக இருந்தார்கள். நான் தயாராக இல்லை.

பெயரெல்லாம் எதற்கு? மகளின் பெயர் 'கோ'வில் ஆரம்பிக்கும். இந்தக் கதைக்கு அது போதும்.

அந்தப் பள்ளியில் அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் நுழைந்திருந்தது. தாளாளர் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக மேடையேறி ஒரு சிறு பிரசங்கமே செய்தார். "இங்க சிபாரிசு கிடையாது, யார் மூஞ்சியையும் பார்க்கறதில்லை. நம்ம தமிழ் அகர வரிசைப்படி கூப்பிடுவோம். அதுவும் கம்ப்யூட்டர் போட்ட வரிசை. மனுஷா கையே படலை" என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான். சொல்லப்போனால் நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் இல்லையா?

மகள் அன்று காலையில் பிரமாதமாக இருந்தாள். பெயர் கேட்டால் பெயர் சொன்னாள். அப்பா என்ன செய்கிறார் என்றால் "பேங்க்கு" என்றாள். நிறம் கேட்டால் நிறம், மிருகம் கேட்டால் மிருகம். ஹால் சுவரில் இருந்த படங்களைக் காட்டி யாரும் கேட்காமலேயே எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள். இந்த நிமிஷம் கூப்பிட்டால் போதும், தலைமையாசிரியை மடியில் ஏறி உட்கார்ந்து சீட்டை வாங்கிவிடுவாள் என்று எனக்குள் ஒரே பெருமை.

அ, ஆ, இ என்று ஆரம்பித்தார்கள். வாசலில் நின்ற அட்டெண்டர் கையில் ஷீட்டுகளை வைத்துக்கொண்டு பெயர்களைக் கூவினார். ஒவ்வொரு குடும்பமாக உள்ளே போய், சிரித்துக்கொண்டோ வியர்த்துக்கொண்டோ வெளியே வந்தது. உயிரெழுத்து முடிந்து 'க' வந்தது. மகளுக்குத் தலை வாரி, முகம் துடைத்து, எழுந்து நின்றே விட்டேன். க, கா, கி என்று போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று 'ச'வில் ஒரு பையனைக் கூப்பிட்டார்.

நான் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் நிமிரவே இல்லை.

"இன்னாம்மா அவசரம்? பேரு கீது. கடைசி ஷீட்ல கீது. கூப்ட்டா வாங்க."

"கோ-ங்கறது க-வோட தானேங்க வரணும்? எப்படிக் கடைசிக்குப் போச்சு?"

"அத்த கம்ப்யூட்டர கேளுங்க. நானா போட்டேன்?"

திரும்பி வந்து கணவரிடம் பொருமினேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஹோட்டலில் தோசை ஆறிப்போய் வந்தால் "பரவாயில்ல, பசிக்குது" என்று சாப்பிடுகிற ஜாதி. சினிமா தியேட்டர் வரிசையில் எவனாவது இடித்துக்கொண்டு நுழைந்தால் தள்ளி நின்று வசதி செய்து கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சண்டைகள் அத்தனையையும் நான் ஒருத்திதான் போட்டுக்கொண்டிருந்தேன். பால்காரர், கேஸ்காரர், மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார், எல்லாமே என் இலாகா.

"சும்மா இரேன்" என்றார் இவர். "பேரு இருக்குன்னு சொல்றாங்கல்ல? இங்க வந்து சத்தம் போட்டா குழந்தை சீட்டுக்கே வேட்டு வச்சுடுவாங்க."

சும்மா இருந்தேன். 'த' போனது. 'ந' போனது. பதினோரு மணிக்கு மகள் வாட்டர் பாட்டிலைத் தரையில் உருட்டி விளையாட ஆரம்பித்தாள். 'ப' வந்தபோது என் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றாள். 'ம' வந்தபோது அழுதாள். ஒருவழியாக 'வ' வந்தபோது, பெயர் கேட்டால் "மாட்டேன்" என்று சொல்கிற நிலைக்கு வந்துவிட்டாள். இதற்கிடையில் உள்ளே போய் வந்தவர்கள் "ரெண்டு செக்‌ஷனும் கிட்டத்தட்ட ரொம்பிடுச்சாம்" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஹால் காலியாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள்தான் மிஞ்சியிருந்தோம். அட்டெண்டர் சாப்பிடப் போய்விட்டார். என் பக்கத்து நாற்காலியில் திருவல்லிக்கேணியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், நம்ம பாப்பா பேரு செ-ல ஸ்டார்ட்டிங்கு. ச-லாம் எப்பவோ முட்ஞ்சி போச்சு. இன்னான்னு கேட்டா குந்துன்றாரு. காலைலேர்ந்து குந்திக்கினு கீறோம். எங்களப் பாத்தா எப்டி தெர்து?"

பின்வரிசையில் பர்தா அணிந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். "எங்க பிள்ளைக்கு மை-ல தொடங்குற பேருங்க. ம-வுல கூப்பிடவே இல்ல" என்றார் மெல்ல.

கோ, செ, மை. எழுந்து ஒவ்வொரு குடும்பமாகப் போய்க் குழந்தையின் பெயரை விசாரித்தேன். தே என்றார்கள். பொ என்றார்கள். ஜெ, வே, யோ. ஒரு அப்பா நான் ஏதோ சர்வே எடுக்கிறேன் என்று நினைத்து வீட்டு விலாசமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மிஞ்சியிருந்த ஒரு குழந்தைகூட விதிவிலக்கில்லை. எல்லாப் பெயரும் கொம்பு போட்ட எழுத்தில் ஆரம்பித்தன.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். அப்போது நான் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பெயரையோ வாக்கியத்தையோ ஸ்ட்ரிங் என்பார்கள். பூச்சரம் மாதிரி எழுத்துச் சரம். இந்த மாதிரி மொழிகளில் அந்தச் சரம் வெறுமனே கிடக்கும் பொருளல்ல, கேட்டால் பதில் சொல்லும். அப்படிக் கேட்கிற கேள்விக்கு மெத்தட் என்று பெயர். உன் நீளம் என்ன என்று கேட்கலாம். உன் முதல் எழுத்து என்ன என்று கேட்கலாம். இன்னொரு சரத்தைக் காட்டி, இதற்கு நீ முன்னாலா பின்னாலா என்றும் கேட்கலாம். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. அது தன் முதல் எழுத்தின் எண்ணையும் அதன் முதல் எழுத்தின் எண்ணையும் பார்த்துப் பதில் சொல்லும். எண்தான் அதற்குத் தெரியும். அகர வரிசையெல்லாம் தெரியாது.

தமிழுக்கு அன்று பொதுவான ஒரே முறை என்று எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு ஃபாண்ட், ஒவ்வொன்றும் ஒரு தனி ராஜ்யம். தட்டச்சு மெஷின் பழக்கத்தில், 'கோ' என்று அடிக்க முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால் என்று தட்டுவார்கள். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படியேதான் போய் உட்காரும். நம் கண்ணுக்கு அது 'கோ'. ஸ்ட்ரிங்கைக் கேட்டால் "என் முதல் எழுத்து கொம்பு" என்று சொல்லும். பள்ளியில் வாங்கியிருந்த ஃபாண்டில் கொம்புகளுக்கு எல்லா எழுத்துக்கும் பின்னால் எண் கொடுத்திருக்க வேண்டும். 'கு', 'சு' போன்ற எழுத்துகளும் இடம் மாறித்தான் போயிருக்கும். அவை நடுவில் எங்கோ விழுந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கொம்புக் குழந்தைகள் மட்டும் மொத்தமாகக் கடைசிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

கணவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சரி, மெதுவாப் பேசு. நமக்கே கொம்பு முளைச்சிருக்குன்னு சொல்லிடப் போறாங்க" என்றார். அந்த நேரத்தில் இவருக்கு ஜோக்! நான் கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தேன்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். உள்ளே ஏ.சி. குளிர், மானிட்டரின் நெற்றியில் குங்குமப் பொட்டு. கம்ப்யூட்டர் டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். தி.நகரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜாவா படித்துவிட்டு வந்த சின்ன வயதுப் பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், கம்பேர் பண்றது நான் எழுதின மெத்தட் இல்ல. ஜாவாவோட சொந்த மெத்தட். உலகம் பூரா யூஸ் பண்றாங்க. அது எப்படி மேடம் தப்பாகும்?" என்றார்.

"தப்பாகலம்மா. நீ கேட்ட கேள்விக்கு அது கரெக்டா பதில் சொல்லுது. நீ கேட்ட கேள்விதான் தமிழ்க் கேள்வி இல்ல."

"டெஸ்ட் பண்ணித்தான் மேடம் குடுத்தேன். எங்க டீச்சர்ஸ் பேரெல்லாம் போட்டுப் பார்த்தேன். அ, க, ச எல்லாம் வரிசையா வந்துச்சு."

"கடைசியில யார் வந்தாங்கன்னு பார்த்தியா?"

அவர் மானிட்டர் பக்கம் திரும்பினார். இதற்குள் என் குரல் கேட்டுத் தாளாளரே வந்துவிட்டார். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"என்னம்மா பிரச்னை? கம்ப்யூட்டர் எப்படிம்மா ஓரவஞ்சனை பண்ணும்? அதுக்கு உங்க குழந்தையைத் தெரியுமா, என் குழந்தையைத் தெரியுமா?"

பொறுமை போய்விட்டது. இதையே ஆபீசில் என் மேனேஜரும் சொல்வார். மெஷின் சொல்லிவிட்டதாம், அப்பீலே கிடையாதாம்! நான் அந்தப் பெண்ணிடம், "புரோகிராமைத் திற. என் பெண் பேரோட முதல் எழுத்து என்னன்னு அந்த ஸ்ட்ரிங்கையே கேளு. வர்றதை ஸ்க்ரீன்ல பெருசாப் போடு" என்றேன். அந்தப் பெண் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, மனதுக்குள் என்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்திருப்பார், ஒரே ஒரு வரி சேர்த்து ஓட்டினார்.

திரையின் நடுவில் ஒரு இரட்டைக் கொம்பு வந்து நின்றது. பக்கத்தில் 'க' இல்லை, கால் இல்லை. வெறும் கொம்பு.

தாளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் மகள் பெயரைப் போடச் சொன்னேன். ஒற்றைக் கொம்பு. 'மை'க்குச் சங்கிலிக் கொம்பு. அகர வரிசை என்று மேடையில் அவ்வளவு கம்பீரமாகச் சொன்ன மனிதர். முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

"இப்ப நான் என்னம்மா பண்ண முடியும்? இடமெல்லாம் கொடுத்தாச்சு. நாலஞ்சுதான் பாக்கி" என்றார். வராந்தாவுக்கு வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு பண்றேன். உங்க குழந்தையை இப்பவே அழைச்சுண்டு வாங்கோ. நானே ஹெச்.எம்.கிட்ட சொல்றேன். மத்தவாளுக்கு வெயிட்டிங் லிஸ்ட்னு சொல்லி அனுப்பிடலாம். நீங்க படிச்சவா, புரிஞ்சுப்பேள்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது. ஹாலுக்கு அவரோடு திரும்பி வந்து, "கிளம்புங்க, கூப்பிடறாங்க" என்றேன்.

என் கணவர் எழுந்திருக்கவில்லை. மகள் அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார், தாளாளரைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"எங்களை மட்டுமா சார்?"

தாளாளர் தலையசைத்தார்.

"இவங்கள்லாம்?"

"அவாளுக்கு அப்புறமா லெட்டர் போடுவோம்."

"அப்ப எங்களுக்கும் லெட்டரே போடுங்க சார். இல்லேன்னா எல்லாரையும் கூப்பிடுங்க. க-விலேர்ந்து கூப்பிடுங்க. எங்க முறை வர்றப்ப வர்றோம்."

குரலை உயர்த்தவில்லை. தோசை ஆறிப்போயிருக்கிறது, பரவாயில்லை என்று சொல்கிற அதே குரல்தான். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? இன்னிக்குப் பூரா என்னை வாயைத் தொறக்காதேன்னுட்டு, இப்பவா இந்த வீரம்?" என்று பல்லைக் கடித்தேன். அவர் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். குழந்தையின் தலை சரியாமல் இருக்கத் தோளைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான்.

மெக்கானிக்குக்கு விஷயம் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் எழுந்து வந்து இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பர்தா அணிந்த அம்மாவும் எழுந்தார். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்துவிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர் என் கணவர் மட்டும்தான்.

தாளாளர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளை வாங்கி, எங்கள் முன்னாலேயே மிச்சமிருந்த பெயர்களைத் தன் கையால் எழுதினார். கெ, கை, கோ, செ, சே என்று ஒழுங்கான அகர வரிசையில். தலைமையாசிரியையைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார். எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

எங்கள் முறை வந்தபோது மகளை எழுப்பினேன். தூக்கத்திலிருந்து பிடுங்கியது பிடிக்காமல் அவள் அந்த அறை அதிர அழுதாள். பெயர் என்ன என்று கேட்ட தலைமையாசிரியையைக் காலால் உதைத்தாள். காலையில் மிருகங்களை வரிசையாகச் சொன்ன அதே குழந்தை! சில நாள் கழித்து லெட்டர் வந்தது. இடம் இல்லை என்று பணிவாக எழுதியிருந்தார்கள்.

வீட்டில் நான் ஆடிய ஆட்டத்தை விவரிக்க வேண்டாம். இவர் அடையாறில் ஒரு பள்ளியில் விண்ணப்பம் வாங்கி வந்தார். பேங்க்கில் யார் யாரையோ கேட்டுத் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் போய்க் கூட்டி வருவதும் அவர் பொறுப்பாகவே ஆகிவிட்டது. என் வேலை என்னிடமே இருந்தது. அதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள ஒரு காரணமாவது மிச்சம் வைக்க வேண்டாமா?

அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். சீருடை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மெக்கானிக் வந்தார். அவளுடைய சீருடையைப் பார்த்ததும் எனக்கு எங்கே படிக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

"சார்! நல்லா கீறீங்களா? அன்னிக்கி எங்க பாப்பாவுக்கு அங்கியே சீட்டு கெட்ச்சிச்சு சார். உங்க பாப்பா எந்த செக்‌ஷன்? நான் பாக்கவே இல்லியே?"

நான் வாயைத் திறந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. இவர் முந்திக்கொண்டார்.

"நாங்க அடையாறுல போட்டுட்டோம்பா. எனக்கு அதுதான் சௌகரியம்" என்று சொல்லிவிட்டு, குனிந்து அந்தப் பெண்ணிடம், "உன் பேர் என்ன?" என்று கேட்டார். அவள் 'செ'யில் ஆரம்பித்துத் தன் பெயரைத் தெளிவாக, முழுசாகச் சொன்னாள்.

இன்றும் இந்த மனிதரிடம் எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை எரிச்சல் வருகிறது. ஆறிப்போன தோசையை இன்னும் வாயைத் திறக்காமல்தான் சாப்பிடுகிறார். ஆனால் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், எல்லோரும் எழுந்து நின்ற அந்த ஹாலில் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்துவிடுகிறது, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு இன்னொரு தோசையைச் சூடாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.